எந்தத் தெருவை முதலில் கிண்டுவது?

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பில் பைப் போட வீதியைக் கிண்டத் தொடங்கினால் எல்லார் வாயிலும் வருவது ஒரே வசனம்: "இப்பதானே காபட் போட்டாங்க, திரும்பவும் கிண்டுறாங்க!" அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. அடுத்த தெருவை விட்டுவிட்டு இந்தத் தெருவை ஏன் கிண்டுகிறார்கள்? பழைய குழாய்களை மாற்றும் திட்டம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

கொழும்புக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதை லபுகமவில் தொடங்குகிறது. 1886 இல் கட்டி முடிந்த அந்த நீர்த்தேக்கத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம், பம்ப் எதுவும் இல்லாமல் பள்ளம் நோக்கியே ஓடி மாளிகாகந்தைத் தாங்கிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. பிறகு களட்டுவாவ நீர்த்தேக்கம் வந்தது, அப்புறம் களனி கங்கைத் தண்ணீரைச் சுத்திகரிக்க அம்பத்தளை வந்தது. கழிவுநீர்க் குழாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்டவை. ஆக, கோட்டை, புறக்கோட்டை, மருதானைப் பக்கம் நம் காலடியில் கிடக்கும் சில குழாய்கள் நம் பாட்டன்மாருக்கும் மூத்தவை.

அதற்காக வயது கூடியதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்றில்லை. அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குழாயின் சுவர் நல்ல தடிப்பு. உலர்ந்த மண்ணில் கிடந்தால் நூறு வருடத்துக்குப் பிறகும் தட்டினால் கணீரென்று கேட்கும். உப்பு மண்ணிலும் சதுப்பு நிலத்திலும் போட்டவை, வயது குறைந்தவையாக இருந்தாலும், பொருக்காக உதிரும். பழைய குழாய்களின் மூட்டுகள் இன்னொரு தொல்லை. சணலைத் திணித்து ஈயத்தை உருக்கி ஊற்றிய மூட்டுகள் அவை. மாட்டு வண்டி ஓடிய வீதியில் கொள்கலன் லொறி ஓடினால் அந்த ஈயம் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும்.

குழாயின் உட்புறமும் சும்மா இருப்பதில்லை. துரு கட்டி கட்டியாக வளர்ந்து துவாரத்தை அடைத்துக்கொண்டே வரும். ஆறு அங்குலக் குழாய் நாலு அங்குலக் குழாய்போல வேலை செய்யும். மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. உடனே ஆளாளுக்கு மோட்டர் வாங்குகிறோம். தாங்கியில் விழுந்த தண்ணீரை மேலே ஏற்றினால் பாதகமில்லை. சிலர் மோட்டரை நேரே வீதிக் குழாயில் வரும் இணைப்பிலேயே பூட்டிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

அழுத்தம் நிறைந்த குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே போகும், அவ்வளவுதான். தண்ணீரை வெட்டும்போதோ மோட்டர் உறிஞ்சும்போதோ அழுத்தம் விழுந்துவிட்டால், அதே ஓட்டை வழியாக வெளியே இருப்பது உள்ளே வரும். பக்கத்தில் வெடித்த கழிவுநீர்க் குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்தால் உள்ளே வருவது என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆகவே என் கணக்கில் முதலிடம் இரண்டு குழாயும் நெருங்கிக் கிடந்து, இரண்டும் கசியும் தெருக்களுக்குத்தான். பெரும்பாலும் அவை கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு போன்ற நெருக்கமான இடங்களின் ஒடுக்கமான தெருக்களாகவும், தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளின் முடுக்குகளாகவும் இருக்கும். கிண்டினால் காபட் கெட்டுவிடுமே என்று யாரும் கவலைப்படாத இடங்கள். அதனாலேயே பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்படும் இடங்களும் அவைதான்.

தண்ணீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. நகருக்குள் கழிவுநீர்க் குழாய் மாநகர சபையின் கையில். பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. இதற்கு மேல் தொலைபேசி, மின்சாரம். ஒவ்வொருவரும் தங்கள் குழாயை மட்டும் தங்கள் வரைபடத்தில் வைத்திருந்தால், மேலே சொன்ன தெருக்கள் எவை என்று எவருக்குமே தெரியாது. புதுக் குழாய் ஒன்றை வாங்குவதற்கு முன்பே அத்தனையையும் ஒரே வரைபடத்தில் ஏற்ற வேண்டும். எங்கே எத்தனை தரம் வெடித்தது, எந்த வால்வு எந்தக் கடை வாசலுக்குக் கீழே இருக்கிறது என்பதெல்லாம் பல இடங்களில் பழைய பிட்டர்மாரின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் பென்ஷன் போவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் அதிகாலை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடைப்பட்டது. ஊர் தூங்குகிறது, ஆனாலும் ஒரு பகுதிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் போகிறது. ஆறு மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று, சாதாரண அழுத்தத்தில், ஒரு நாளில் 25,000 லீற்றருக்கு மேல் கொட்டிவிடும். 2012 அளவில் கொழும்பு நகருக்கு அனுப்பிய தண்ணீரில் ஏறத்தாழ பாதிக்குக் காசு வரவில்லை. கசிவும் உண்டு, மீற்றர் இல்லாத இணைப்புகளும் உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு அதன்பின் பெரிய வேலைகள் நடந்தன. கடன் திட்டம் நல்லதுதான், முடியும் திகதி ஒன்று அதற்கு உண்டு என்பதே சிக்கல். குழாய் பழசாவதற்குத் திகதி கிடையாது. ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கை மாற்றினால்கூட முழு ஊரையும் சுற்றிவர நூறு வருடம் பிடிக்கும். எனவே பெரிய திட்டம் வரும்வரை காத்திருப்பதைவிட, ஒவ்வொரு வருடமும் நிற்காமல் வேலை செய்யும் சிறிய குழு ஒன்று எனக்குப் பிடிக்கும்.

கழிவுநீர்க் குழாய்க்கு எல்லா இடத்திலும் வீதியைப் பிளக்கத் தேவையில்லை. சிறிய கமரா ஒன்றை மேன்ஹோல் வழியாக உள்ளே அனுப்பிப் பார்த்துவிட்டு, வடிவம் கெடாத குழாய் என்றால் உள்ளேயே புது உறை பதித்துவிடலாம். இடிந்து சரிவு கெட்டதைத்தான் கிண்ட வேண்டும். கொழும்பு தட்டையான ஊர். சரிவு கொஞ்சம் தப்பினாலும் கழிவு தேங்கும், தேங்கினால் வாயு உண்டாகும், அந்த வாயுவிலிருந்து பிறக்கும் அமிலம் கொங்கிறீட் குழாயின் மேற்பகுதியைத் தின்றுவிடும்.

மழை நாளில் மேன்ஹோல் பொங்குவதற்குக் குழாயை மட்டும் குறை சொல்ல முடியாது. கூரைத் தண்ணீரைக் கானுக்கு விடாமல் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிட்ட வீடுகள் ஏராளம். எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் மே மாத மழைக்கு அது போதாது.

உங்கள் தெருவில் குழி திறந்திருக்கும்போது மேற்பார்வையாளரிடம் ஒன்று கேளுங்கள்: புதுக் குழாய் வீதியோடு நிற்கிறதா, மீற்றர் வரைக்கும் வருகிறதா? கசிவுகளில் பெரும்பாலானவை வீதிக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் அந்தச் சின்ன இணைப்பில்தான் இருக்கின்றன. பழைய இணைப்பைப் புதுக் குழாயில் பூட்டிவிட்டு மூடினால், அழுத்தம் கூடியதும் அது இன்னும் வேகமாகக் கசியும். குழியை மூடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.