ஆர்.டி. அக்காவும் புத்தாண்டுத் தீர்மானமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புத்தாண்டில் எடுக்கிற தீர்மானத்தைக் கைவிடாமல் கொண்டு போவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஒரு மனநல மருத்துவரைக் கூப்பிட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். நான் அஞ்சலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஜனவரியில் ஊர் என்ன ஆசைப்படுகிறது, ஏப்ரலில் அந்த ஆசை என்ன ஆனது என்பது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

குடியாத்தம் பக்கம் வேலை பார்த்தேன். பொங்கலை ஒட்டி ஆர்.டி. கணக்கு, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கிற தொடர் வைப்புக் கணக்கு, தொடங்க ஆட்கள் வருவார்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். 5 வருடம், 60 தவணை. "இந்த வருஷத்துலேர்ந்தாவது சேக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டே பாரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அதில் இரண்டு வகை உண்டு. தானே மாதாமாதம் வந்து கட்டிக்கொள்கிறேன் என்பவர் ஒரு வகை. ஏஜென்ட் மூலம் கட்டுகிறவர் இன்னொரு வகை. முதல் வகையில் மாதச் சம்பளக்காரர்கள், படித்தவர்கள் நிறைய. பங்குனி பிறப்பதற்குள் அவர்கள் பாஸ்புக்கில் இடைவெளி விழ ஆரம்பித்துவிடும். வாரக் கூலி வாங்குகிற, பீடி சுற்றுகிற, தறி ஓட்டுகிற வீட்டுக் கணக்குகள் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

சம்பளக்காரருக்கு மனஉறுதி குறைவு, கூலிக்காரருக்கு அதிகம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலிக்காரர் வீட்டுக்குத் தவணை வசூலிக்கிற ஏஜென்ட், ஊர் ஆர்.டி. அக்கா என்று கூப்பிடுகிறவர், போகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அஞ்சலகச் சேமிப்புக்கு மகளிர் முகவர்கள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நாள் வேறு வேலையாகத் தெருவில் போனபோது அப்படி ஒரு அக்கா வசூல் செய்வதைப் பார்த்தேன். திண்ணையில் ஒரு அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். நனைத்து வெட்டிய இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். அக்கா வாசலில் நின்று, "இன்னாம்மா, துட்டு எடுத்து வெச்சிட்டியா?" என்கிறார். "அடுத்த வாரம் வாக்கா." "அடுத்த வாரம் சரி. இப்ப அம்பது குடு, மிச்சத்தை அப்ப வாங்கிக்கறேன்." அந்த அம்மா சுற்றுவதை நிறுத்தவே இல்லை. மகளைக் கூப்பிட்டு அரிசி டப்பாவிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். அக்கா அட்டையில் எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அறிவுரை கிடையாது, சேமிப்பின் அவசியம் பற்றிய பேச்சு கிடையாது.

பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் நார்க்ராஸ் என்ற உளவியலாளர், 1980களில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து விசாரித்தார். முதல் வாரம் தாண்டியவர்கள் 77 சதவீதம். இரண்டு வருடம் கழித்தும் விடாமல் இருந்தவர்கள் 19 சதவீதம். வேலூர்க் கோட்டைப் பக்கம் ஜனவரி முதல் வாரம் காலையில் நடக்கப் போனவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வெள்ளை வெளேர் என்று ஷூ போட்டுக்கொண்டு அகழியை ஒட்டி எத்தனை பேர்! மாசி மாதம் போய்ப் பாருங்கள், பழைய செருப்புக்காரர்கள் மட்டும் நடந்துகொண்டிருப்பார்கள்.

அப்படியானால் நம் ஜனங்களுக்கு வைராக்கியம் கிடையாதா? கார்த்திகை மாதம் எந்தத் தெருவிலும் பாருங்கள். ஒரு நாள்கூட பீடி இல்லாமல், குடி இல்லாமல் இருக்க முடியாதவர் என்று ஊரே முத்திரை குத்திய ஆள் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். அந்தக் குளிரில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், செருப்பு கிடையாது, தரையில் படுக்கை. ஒரு மண்டலம் தாங்குகிறார். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ரமலான் மாதம் முழுக்க, தோல் தொழிற்சாலையில் நாள் பூராவும் நின்று வேலை செய்துகொண்டே, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நோன்பு இருக்கிறார்கள். கிறிஸ்தவர் வீடுகளில் தவக்காலம் வந்தால் 40 நாள் கறி வாங்காத குடும்பங்கள் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் திடீரென்று மனஉறுதி எங்கிருந்து வந்தது?

பக்தி என்பீர்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பக்தியோடு கூடவே நடக்கிற ஏற்பாட்டையும் பாருங்கள். தொடங்குகிற நாள் தெரியும், முடிகிற நாள் தெரியும். கழுத்தில் மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி, பார்த்தவுடனே தெரிந்துவிடும். குருசாமி ஒருவர் இருக்கிறார், சாயங்கால பஜனைக்கு வரவில்லையென்றால் ஆள் அனுப்புவார். மனைவி முதல் மேஸ்திரி வரைக்கும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்கமாகக் கேட்காமலே டீயோடு சிகரெட்டை எடுத்து வைக்கிற கடைக்காரர், "சாமிக்கு டீ மட்டும்" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். அந்த ஆள் ஆசையோடு போராட வேண்டிய பாதி வேலையைத் தெருவே செய்து முடித்துவிடுகிறது. டிசம்பர் 31 ராத்திரி நாம் எடுக்கிற தீர்மானத்துக்கு இதில் ஒன்றாவது உண்டா? மனசுக்குள் எடுத்துக்கொள்கிறோம். முடிகிற நாள் கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. தோற்றுப்போனால் யாருக்கும் தெரியக்கூடாது என்ற ஜாக்கிரதையோடு தொடங்குகிற காரியம், யாருக்கும் தெரியாமலே நின்றும் போகிறது.

மாலையிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே டீயோடு சிகரெட்டும் வந்துவிடும். அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒரு மண்டலம் நிறுத்தியவருக்கு நிறுத்த முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. மலையிலிருந்து இறங்கிய பிறகு அவரை "சாமி" என்று கூப்பிட ஆள் இல்லை. மாலை இறங்குவதற்கு முன்பே அடுத்த தேதியைப் பேசி வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நாள் செய்தால் ஒன்று பழக்கமாகும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். தினம் ஒரு பழம் சாப்பிடுவது, சாப்பாட்டுக்கு முன் ஓடுவது என்று ஆளுக்கு ஒன்று. தானாக வருகிற அளவுக்கு அது பழக 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. நடுக்கணக்கு 66 நாள். ஜனவரி 1-ல் தொடங்கினால் 66-ஆம் நாள் மார்ச் 7. 254-ஆம் நாள் என்றால் செப்டம்பர் 11, விநாயகர் சதுர்த்தி வாக்கில். ஆகவே மாசியில் உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் அது இயற்கை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போவதில்லை. இங்கேதான் விரதமும் பழக்கமும் பிரிகின்றன. விரதத்தில் ஒரு தடவை வழுக்கினால் எல்லாம் போயிற்று. அந்த எண்ணத்தை நடைப்பயிற்சிக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். ஒரு திங்கட்கிழமை போகவில்லை, "சரி, விட்டாச்சு" என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறோம். அஞ்சலக ஆர்.டி. விதி இதைவிடக் கருணையானது. ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், கட்டிவிட்டுத் தொடரலாம். வரிசையாக 4 மாதம் தவறினால்தான் கணக்கு நிற்கும், அதற்குப் பிறகும் புதுப்பிக்க 2 மாத அவகாசம் உண்டு. அரசாங்கமே இவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது உங்களுக்கு நீங்களே ஒரு திங்கட்கிழமையை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

"சர்க்கரையைத் தொட மாட்டேன்" என்பதைவிட "காலையில் இட்லியோடு ஒரு கிண்ணம் காய் சாப்பிடுவேன்" என்பது நிற்கும். 2020-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்றில் ஆயிரத்துச் சொச்சம் பேர் கலந்துகொண்டார்கள். ஒன்றைச் செய்வேன் என்று தீர்மானித்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்து வெற்றி என்றார்கள். ஒன்றைத் தவிர்ப்பேன் என்றவர்களில் 47 சதவீதம்.

ஆக, குடியாத்தத்துக்காரர்களுக்கு நான் சொல்வது: வருஷம் முழுக்க என்று எடுக்காதீர்கள். வைகாசி பிறந்தால் நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதுவரைக்கும் என்று எடுங்கள். வேலூர்க்காரர்கள், ஆற்காட்டுக்காரர்கள் அவரவர் ஊர்த் திருவிழாவை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, வாசலில் வந்து நின்று கேட்கிற ஒரு ஆளைப் பிடியுங்கள். வீட்டுக்காரர் வேண்டாம், சண்டையில் முடியும். பக்கத்து வீட்டு அண்ணி, கூட வேலை செய்கிறவர், கறாராகப் பேசுகிற சின்னம்மா, யாராவது.

பணம் சேர்ப்பதுதான் உங்கள் தீர்மானம் என்றால் என் தொழில் ரகசியம் ஒன்று. நல்ல நாள் என்று ஜனவரி 1-ஆம் தேதியே கணக்கு தொடங்க ஓடி வராதீர்கள். 15-ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு மாதாமாதம் 15-க்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதியிலிருந்து தொடங்கினால் மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. பொங்கல் செலவெல்லாம் முடிந்து, மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் தாண்டி, சாவகாசமாக வாருங்கள். ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ எடுத்து வாருங்கள். கவுன்ட்டரில் கூட்டமும் குறைவாக இருக்கும்.

நன்றி, வணக்கம்.