மணல் போன தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கே தோண்டினாலும் கருங்கல்தான் தட்டுப்படும். ஆனாலும் மணற்கல்லைப் பற்றி இங்கே பேசுவதில் எனக்குத் தனி ஆசை உண்டு. ஏனென்றால் மணற்கல்லுக்கு வேண்டிய மணலைக் கொடுப்பதே நம்முடையது போன்ற பாறைகள்தான்.

காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைக் கரையில் ஒரு கை மணலை அள்ளி வெயிலில் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது குவார்ட்ஸ். நாம் வெங்கச்சங்கல் என்கிறோமே, அதேதான். வெள்ளையாகவோ வெளிர் சிவப்பாகவோ மங்கித் தெரிவது ஃபெல்ட்ஸ்பார். தகடாக மின்னுவது காக்காப்பொன். எல்லாம் குன்றிலிருந்து உதிர்ந்து வந்தவை.

இந்த மணல் இங்கேயே புதைகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே மண் ஏறி அழுத்தும். நிலத்தடி நீரில் கரைந்து வரும் சிலிக்காவோ (குவார்ட்ஸ் ஆன பொருள்தான் இது) சுண்ணாம்போ இரும்போ மணிகளின் இடுக்கில் படிந்து ஒட்டவைக்கும். அதுதான் மணற்கல். அதில் ஃபெல்ட்ஸ்பார் கால் பங்குக்கு மேல் இருந்தால் ஆர்க்கோஸ் என்பார்கள். ஆர்க்கோஸைக் கையில் எடுத்தாலே, மணல் தாய்ப்பாறையை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

அதே மணல் கடல்வரை போனால் கதை வேறு. ஃபெல்ட்ஸ்பார் காலப்போக்கில் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் லேசில் அழியாது. அலையிலும் காற்றிலும் திரும்பத் திரும்ப உருண்டு, 100க்கு 95 பங்குக்கு மேல் குவார்ட்ஸே மிஞ்சிய மணல் இறுகினால் குவார்ட்ஸ் அரனைட். சேறும் மணலும் பிரியாமல் கடலடியில் சரிந்து படிந்தது கிரேவாக்கி. கறுத்து, இறுகிப்போய் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து வகை பிரிக்க வேண்டாம். டெல்லி செங்கோட்டை மணற்கல்லின் சிவப்பு, மணிகளைச் சுற்றிப் படிந்த இரும்புத் துருவின் சிவப்பு. கொஞ்சம் இரும்பு போதும், முழுக் கல்லும் சிவந்துவிடும்.

என்னைக் கேட்டால், மணியைவிட அதை ஒட்டும் பசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிலிக்கா ஒட்டிய கல் உறுதியானது. சுண்ணாம்பு ஒட்டியதைப் புளிப்பு நீர் மெல்ல மெல்லக் கரைக்கும். களிமண் ஒட்டியது விரலால் தேய்த்தாலே உதிரும். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். சுமார் 1,300 ஆண்டு மழையிலும் காற்றிலும் மேலே உள்ள சிற்பங்கள் பல முகம் தேய்ந்து நிற்பதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. நம் ஊர் அம்மி ஏன் கருங்கல்லில் இருக்கிறது என்பதும் இதிலேயே விளங்கும். மணற்கல்லில் அரைத்தால் சட்னியில் மணல் கடிபடும்.

ஆனால் மணிகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடுக்குகள்தான் மணற்கல்லின் பெரிய செல்வமும். நம் தென்பெண்ணை கடலில் சேரும் கடலூர்ப் பக்கம் பூமிக்கடியில் கடலூர் மணற்கல் என்றே ஒரு படிவம் இருக்கிறது. அது பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் அந்த நீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடிகிறது. நம் கருங்கல்லில் மணிகளுக்கு நடுவே அப்படி இடுக்கு கிடையாது. விரிசல் இருந்தால்தான் தண்ணீர். அதனால்தான் ஒரு காட்டில் 1,000 அடி போர் போட்டும் புழுதி பறக்கிறது, பக்கத்துக் காட்டில் 200 அடியிலேயே தண்ணீர் பீறிடுகிறது.

நன்றி, வணக்கம்.