பாலத்துக்குப் பிறந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

பல்கேரியாவின் தென்கிழக்கு மூலையில் ஸ்விலென்கிராட் என்றொரு சிற்றூர். கிரேக்க எல்லையும் துருக்கி எல்லையும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊரைத் தொட்டு ஓடும் ஆற்றைப் பல்கேரியர் மரிட்சா என்பார்கள், கிரேக்கர் எவ்ரோஸ் என்பார்கள், துருக்கியர் மெரிச் என்பார்கள். தண்ணீர் ஒன்றுதான்.

அந்த ஆற்றின் மேல் 1529-இல் ஒரு கல்பாலம் எழுந்தது. துருக்கியின் உதுமானியப் பேரரசை ஆண்ட சுல்தான் சுலைமானின் அமைச்சர் சோபான் முஸ்தபா பாஷா கட்டுவித்தது. சோபான் என்றால் இடையன். இஸ்தான்புல்லிலிருந்து ஐரோப்பாவுக்குள் செல்லும் படைப்பாதை அது. அதே ஆண்டுதான் சுலைமான் வியன்னாவை முற்றுகையிட்டார். பாலத்தையொட்டி மக்கள் குடியேற, ஊருக்கும் 'முஸ்தபா பாஷாவின் பாலம்' என்றே பெயர் விழுந்தது.

பாலங்களோடு முப்பது ஆண்டு மாரடித்தவன் நான். அதனால் என் கண் முதலில் தூண்களுக்குத்தான் போகும். நீளம் ஏறத்தாழ 295 மீட்டர், அகலம் 6 மீட்டர், இருபதையொட்டிய வளைவுகள். இவ்வகைப் பாலங்களில் வெள்ளம் வரும் பக்கத்தில் தூணின் முகத்தைப் படகின் முனைபோலக் கூராக்கியிருப்பார்கள். நீர் மோதாமல் பிளந்து போகும். அடித்து வரும் மரங்களும் ஒதுங்கும். பாலத்தின் நடுவே கைப்பிடிச் சுவரில் கல்வெட்டு. கட்டியவர் உதுமானியரின் மாபெரும் கட்டடக் கலைஞர் சினான் என்கிறார்கள். அவர் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனதோ 1530-களின் இறுதியில். எனக்கு அந்தப் பெருமையில் கொஞ்சம் சந்தேகம்தான்.

ஒரு கதையும் உண்டு. பாலத்தைக் கண்டு மயங்கிய சுல்தான் அதை விலைக்குக் கேட்டாராம். அரசரிடம் மறுக்கவும் முடியாது, தர்மமாகக் கட்டியதற்குக் காசு வாங்கவும் மனம் வராது. பாஷா அன்றிரவே உயிரை விட்டுவிட்டார். சினம் கொண்ட சுல்தான் முதலில் கடப்பவனைச் சபித்தார். அந்தச் சாபத்தைத் தானே ஏற்க, பாஷாவின் கிழத் தந்தை பாலத்தில் நடந்து போய் ஆற்றில் குதித்தார். பாஷா 1529-லேயே காலமானது உண்மை. மீதி ஊரார் சேர்த்தது.

1912 அக்டோபரில், முதல் பால்கன் போரில், ஊர் துருக்கியரிடமிருந்து பல்கேரியரிடம் வந்தது. இங்கிருந்து கிளம்பிய பல்கேரிய விமானம், துருக்கியர் கையிலிருந்த எதிர்னே நகரின் கராகாச் ரயில் நிலையத்தின் மேல் குண்டு வீசியது. ஐரோப்பாவில் வானிலிருந்து குண்டு விழுந்த முதல் நிகழ்வுகளில் அது ஒன்று. மறு ஆண்டு ஊர் எரிந்தது. பட்டுப்புழு வளர்த்த பூமி என்பதால் 'பட்டுநகரம்' என்று பொருள்படும் இன்றைய பெயர் வந்தது. பாலத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

இன்று பெரும் லாரிகள் நெடுஞ்சாலை வழியே துருக்கி எல்லையின் கபிதான் ஆந்திரேயெவோ சோதனைச் சாவடிக்குப் போய்விடுகின்றன. துருக்கியில் 1998-இல் சூதாட்டக் கூடங்களைத் தடை செய்தார்கள். அந்த ஆட்டத்துக்காக எல்லை தாண்டி வருபவர்களுக்கென்று ஸ்விலென்கிராடில் கூடங்கள் பெருகிவிட்டன. காசு வாங்க மனம் வராத அந்த பாஷாவின் பாலம் இருக்கும் ஊரில்தான்.