விலக்கியது சரி, திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால், "ஐயா, எதைத் தின்னாலும் வயிறு உப்புது" என்று நிறுத்திவிடுவார்கள்.

பத்தியம் நமக்குப் புதிதல்ல. கத்தரிக்காய் கிரந்தி, கருவாடு அரிப்பு என்று பாட்டி சொன்னதெல்லாம் ஊருக்கே பொதுவான பத்தியம். நான் சொல்லப்போவது உங்கள் ஒரு உடம்புக்கு மட்டும் எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்கிற சோதனை. 1920களிலேயே கலிபோர்னியாவில் ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவர் இதை முறைப்படுத்தினார். சந்தேகப்படும் உணவை இரண்டிலிருந்து ஆறு வாரம் அடியோடு நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக, முதல் நாள் கொஞ்சம், மூன்று நாளுக்குள் வழக்கமான அளவு என்று திரும்பச் சேர்க்க வேண்டும். தின்றதையும் உடம்பு செய்ததையும் நோட்டில் எழுத வேண்டும்.

நிறுத்துவதை எல்லாரும் செய்கிறார்கள். திரும்பச் சேர்ப்பதைத்தான் யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. வயிறு உப்பியதும் பால் தேத்தண்ணிமேல் பழியைப் போட்டேன். நிறுத்தியதும் குறைந்தது. மாதக்கணக்கில் பால் ஊற்றாத தே ஓ. "ஒரு நாளைக்குப் பால் ஊத்திக் குடிச்சுத்தான் பாருங்களேன்" என்று வீட்டில் சொன்னார்கள். குடித்தேன், மூன்று நாள். ஒன்றும் ஆகவில்லை!

தேத்தண்ணியை விட்டபோது ஒட்டுக்கடைக்குப் போவதையும் விட்டிருந்தேன். ரொட்டி சானாயும் பருப்புக் கறியும் கூடவே போயிருந்தன. வெறும் ரொட்டியைச் சீனி தொட்டுத் தின்றேன், நலம். வெங்காயம் போடாத பருப்பு, அதுவும் நலம். வெங்காயம் போட்ட அன்று சாயங்காலமே வயிறு மத்தளம்.

வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடர் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் இந்த மாதிரி செரிக்காமல் புளிக்கும் சர்க்கரை வகைகளைத்தான் ஃபாட்மேப் என்று தொகுத்தது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துப் பயனில்லை, சாறில் இறங்கியிருக்கும். பூண்டை முழுசாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசனை மட்டும் நிற்கும்.

ஒளிந்திருப்பவையும் உண்டு. இறாலை விலக்கியவர் சம்பலில் உள்ள பெலாச்சானை மறந்துவிடுவார், அது கூனி இறால்தான். கிச்சாப் என்ற சோயா சாஸிலும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை இருக்கலாம்.

உதடு வீங்கியவர், மூச்சு முட்டியவர் வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. கோதுமைமேல் சந்தேகம் என்றால் அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம். பிள்ளைகள், கர்ப்பிணிகள், இனிப்புநீருக்கு மருந்து எடுப்பவர்கள் உணவியல் நிபுணரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ரத்தம் எடுத்து ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து நூறு உணவுக்குப் பட்டியல் தருகிறார்களே, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். தீபாவளி மாதத்திலும் தொடங்காதீர்கள், பத்து வீட்டுப் பலகாரத்தில் எது செய்தது என்று யாருக்குத் தெரியும்?

நான் வெங்காயத்தை அடியோடு விடவில்லை. அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு சின்ன வெங்காயம் வரை வயிறு ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவதில்தான் தகராறு.