மதகு பார்த்த மனிதர்

நேயர்களுக்கு வணக்கம். பாசன வாய்க்கால்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவனுக்கு ரஷ்ய அரசியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ரஷ்யாவுக்கு உட்பட்ட தத்தார்ஸ்தான் குடியரசின் தலைவராக 1991 முதல் 2010 வரை இருந்த மின்திமேர் ஷைமியேவ், அதற்கு முன் 1969 முதல் 1983 வரை அங்கே நீர்வளத்துறை அமைச்சர். பதினான்கு வருடம் மதகு பார்த்தவர்! எனக்கு அவர்மேல் ஒரு கண் விழுந்தது அதனால்தான்.

தத்தார்ஸ்தான் வோல்கா ஆற்றங்கரையில் இருக்கிறது. நாலாபக்கமும் ரஷ்யா; கடலும் கிடையாது, அயல்நாட்டு எல்லையும் கிடையாது. ஏறக்குறையப் பாதிப்பேர் தத்தார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் ரஷ்யர்கள். மண்ணுக்கடியில் எண்ணெய்.

1990 ஆகஸ்டில் ரஷ்யத் தலைவர் யெல்ட்சின் தத்தார்ஸ்தான் தலைநகர் கசானுக்கு வந்து, விழுங்க முடிந்த அளவு இறையாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பெரிய மனிதர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தான்; அதை நம்பி யார் இலை போடுவார்கள்? ஷைமியேவ் போட்டார். அதே மாதம் 30ஆம் தேதி இறையாண்மைப் பிரகடனம் வந்துவிட்டது. 1992 மார்ச்சில் அந்த இறையாண்மைமேல் பொது வாக்கெடுப்பு. 61 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பத்தே நாளில் மாஸ்கோவில், குடியரசுகளை ரஷ்யாவோடு சேர்த்துக் கட்டும் கூட்டாட்சி ஒப்பந்தம். கையெழுத்துப் போட மறுத்தவை இரண்டே குடியரசுகள். இரண்டே இரண்டு: செச்சென்யா, தத்தார்ஸ்தான்.

1994 டிசம்பரில் செச்சென்யாவுக்குள் ராணுவம் புகுந்தது. ஷைமியேவோ அந்தப் பிப்ரவரியிலேயே மாஸ்கோவோடு தனி ஒப்பந்தம் போட்டு முடித்திருந்தார். இரண்டே பேர் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒருவருக்குப் பீரங்கி, ஒருவருக்குப் பேனா. எவ்வளவு தண்ணீர் விட்டால் கரை தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மன்னியுங்கள், பழைய தொழில் பேசுகிறது.

எனக்குப் பிடித்த காட்சி 1996 ஜூனில் நடந்தது. யெல்ட்சினுக்குத் தேர்தல் நேரம். கசானில் சபந்துய், அதாவது வசந்தகால விதைப்பு முடிந்ததும் தத்தார்கள் கொண்டாடும் ஏர்த் திருவிழா. ரஷ்ய அதிபர் கண்ணைக் கட்டிக்கொண்டு, நீண்ட கழியை ஓங்கி, மண்பானையைச் சில்லுச் சில்லாக உடைத்தார். நம் ஊர் உறியடிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்குக் கேட்டு வந்தவரை வயல்காட்டு விளையாட்டுக்குள் இழுத்துவிட்ட ஊர் அது! அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன், கணக்கில்லை.

ஷைமியேவைத் தலையில் தூக்கிவைக்க நான் வரவில்லை. அதே 1996இல் அவரும் தேர்தலில் நின்றார். எதிர்த்து ஒருவர்கூட நிற்கவில்லை, 97 சதவீதம் வாக்கு. தனியாக ஓடியவருக்கு முதல் பரிசு. பிறகு புதின் வந்து மாகாணங்கள் மீது மாஸ்கோவின் பிடியை இறுக்கியபோது, சத்தமில்லாமல் விட்டும் கொடுத்தார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். பதவி விட்டபின் அவர் புதுப்பிக்க இறங்கிய பழைய போல்கார் நகரைப் பற்றித்தான் நிறையக் குறித்து வைத்திருந்தேன். 2014இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கசானுக்குப் பக்கத்தில் ஸ்வியாஷ்ஸ்க் என்று ஒரு தீவு, அங்கே ஒரு பழைய தேவாலயம், அது 2017இல். வணக்கம்.