கவனிக்கவில்லையா, புரியவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையானாலும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரானாலும், பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் காதில் விழும் குறை ஒன்று உண்டு: "பையன் கெட்டிக்காரன்தான், பாடத்தைத்தான் கவனிக்க மாட்டேன் என்கிறான்." அவன் கவனிக்காததால் புரியவில்லையா, புரியாததால் கவனம் விலகியதா என்று பிரித்துப் பார்க்காமல் எந்த உதவியைத் தொடங்கினாலும் அது பாதி வழியிலேயே நின்றுவிடும்.

வகுப்பில் நாள்தோறும் சொல்லப்படும் கட்டளை ஒன்றைப் பாருங்கள்: "நோட்டை எடுத்து, அடுத்த பக்கத்தில் தேதியைப் போட்டு, முதல் மூன்று வினாக்களை மட்டும் எழுதி முடித்து, புத்தகத்தைத் திறந்து வையுங்கள்." ஒரே வாக்கியத்தில் நான்கு வேலைகள்; வினையெச்சங்களை அடுக்கிப் பேசியே பழகிய நமக்கு அதன் நீளம் தெரிவதில்லை. கவனக் குறைபாடுள்ள குழந்தை நோட்டைத் தேடும்போதே மற்றவற்றைத் தவறவிடுகிறது. மொழி வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையோ முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கிறது. ஆசிரியர் கண்ணுக்கு இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். காதில் பழுதில்லாமலே பேச்சைப் புரிந்துகொள்ளவும் கோவையாகப் பேசவும் திணறும் இந்த இரண்டாம் வகையினர் அரியவர்கள் அல்லர். இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரிடம் இத்தகைய சிக்கலைக் கண்டது.

கண்ணையும் காதையும் பரிசோதித்த பிறகு, வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சிறு கதை ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி, அதைக் குழந்தை தன் பேச்சுவழக்கிலேயே திருப்பிச் சொல்லட்டும். கேட்டதை நன்றாகச் சொல்லும் குழந்தை அதே கதையைத் தானே வாசிக்கும்போது தடுமாறினால், ஐயம் வாசிப்பின் மீது விழ வேண்டும். கேட்டும் விளங்கவில்லை என்றால் மொழியைப் பார்க்க வேண்டும். தனியாக உட்கார வைத்தால் முழுக் கதையையும் சொல்லி, வகுப்பில் மட்டும் நழுவவிடும் குழந்தையின் சிக்கல் பெரும்பாலும் கவனத்தைச் சார்ந்தது. இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்பதால், இது நிபுணரிடம் போவதற்கு வழிகாட்டுமே தவிர முடிவு கூறாது.

நம் எழுத்திலும் கவனிக்கத்தக்க சில இடங்கள் உண்டு. 'கெ' என்பதில் ஒலியில் பின்னால் வரும் உயிருக்கு உரிய ஒற்றைக்கொம்பு, கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு 247 எழுத்துகளையும் மறுபடி மறுபடி எழுதச் சொல்லும் தண்டனையைவிட, இந்தக் குறிகளை ஒலியோடு சேர்த்து, நாளுக்குச் சில நிமிடங்கள் பழக்குவது பயன்தரும்.

மதுரையில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் வீடுகள் ஏராளம். அவ்வீட்டுப் பிள்ளை தமிழில் தயங்கினால் அதைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. வீட்டு மொழியில் அது சரளமாகக் கதை சொல்கிறதா என்று பாட்டியிடம் கேட்டாலே பாதி ஐயம் தீரும். இரு மொழிகளிலும் திணறினால்தான் கவலைப்பட வேண்டும்.

"செல்போனை மட்டும் மணிக்கணக்கில் பார்க்கிறானே?" என்று கேட்பவர்களும் உண்டு. செல்போன் நொடிக்கு நொடி மாறித் தானே கவனத்தை இழுக்கிறது; இழுக்காத பாடத்தின் மீது தாமே முயன்று கவனத்தைச் செலுத்துவதுதான் இந்தக் குழந்தைகளுக்குக் கடினம். கவனக் குறைபாடு என்று மருத்துவர் உறுதிசெய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு ஆலோசனை பெறலாம். பள்ளி வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் அணுகலாம். வகுப்பிலோ, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லி, அதைக் குழந்தையின் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்பதற்குச் செலவும் இல்லை, சான்றிதழும் தேவையில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக, வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ திணறும் கற்றல் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறது; கவனக் குறைபாடு அதில் தனி வகையாக இல்லை. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. விலக்கு கிடைத்ததும் வாசிப்புப் பயிற்சியையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பரிசோதனைக்கும் சான்றிதழுக்கும் அலைய நேரம் பிடிக்கும் என்பதால், பத்தாம் வகுப்பு வரை காத்திராமல் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.