துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் வில்

அவைத் தலைவர் அவர்களே, இசையறிந்த பெரியோர்களே, அன்பர்களே, வணக்கம்.

கர்நாடக இசையின் வயலின் மேதை துவாரம் வேங்கடசாமி நாயுடுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெற்ற சிறப்புகளிலிருந்து தொடங்குவது வழக்கம். 1941இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 1953இல் சங்கீத நாடக அகாடமி விருது, 1957இல் பத்மஸ்ரீ என்று அந்த வரிசை நீளும். அதை இத்துடன் நிறுத்திக்கொண்டு, அவருடைய வலக்கையைப் பற்றியும் அந்தக் கை இழுத்த வில்லைப் பற்றியும் மட்டுமே இன்று பேச விரும்புகிறேன். வயலின் வித்வான்களைப் புகழும்போது நாம் பெரும்பாலும் இடக்கை விரல்களைத்தான் புகழ்கிறோம். வேகமான ஸ்வர அடுக்காகிய பிருகா எப்படி விழுந்தது, ஸ்வரத்தை அசைத்து அழகூட்டும் கமகம் எப்படி அசைந்தது என்றெல்லாம் வியக்கிறோமே தவிர, அந்த ஒலியைப் பிறப்பித்த வில் எங்கே தொடங்கி எங்கே திரும்பியது என்பதை மேடைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் கவனிப்பதில்லை.

இதற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் இந்த மேல்நாட்டுக் கருவியை நம் இசைக்குக் கொண்டுவந்தபோது பெரிதும் பயன்பெற்றது இடக்கைதான். ஐரோப்பியர் நின்றுகொண்டு, தோளுக்கும் மோவாய்க்கும் இடையில் இடுக்கி வாசித்த பிடிலை நம்மவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றிக்கொண்டார்கள். கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்ட இடக்கை தந்தியின் மேல் விருப்பம்போல் வழுக்கிச் செல்லலாயிற்று. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாருவும் கமகமும் அதனால் எளிதாயின. வில்லின் கதை வேறு. பாடுகிறவரை நிழல்போல் பின்தொடர வேண்டிய பக்கவாத்தியக்காரருக்கு, பாடகர் அடுத்து எங்கே போவார் என்று முன்கூட்டித் தெரியாது. நீளமாக இழுத்துவிட்டு நடுவில் அகப்பட்டுக்கொள்வதைவிட, வில்லின் நடுப்பகுதியில் சிறு சிறு வீச்சுகளாக வாசிப்பதே பத்திரம் என்ற பழக்கம் பலரிடம் ஊன்றிப்போனதில் வியப்பில்லை.

நாயுடு அந்தப் பழக்கத்துக்கு வெளியே வளர்ந்தவர். 1893 நவம்பர் 8ஆம் நாள், தீபாவளியன்று, பெங்களூரில் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார். அவருக்கு முதலில் பிடில் கற்பித்தவர் அவருடைய அண்ணன். இளமையிலேயே கண்பார்வை மங்கியதால் பள்ளிப்படிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் மாணவராகச் சேர விண்ணப்பித்தவரை, அவர் வாசிப்பைக் கேட்டபின் ஆசிரியராகவே அமர்த்திக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. ஹரிகதை மேதை ஆதிபட்ல நாராயணதாசுக்குப் பிறகு, 1936இல், அக்கல்லூரியின் முதல்வரும் ஆனார். நம் ஊர்த் திரைப்பாட்டு ரசிகர்களுக்கு நெருக்கமான கண்டசாலா படித்ததும் அந்தக் கல்லூரியில்தான்.

இனி வில்லுக்கு வருவோம். கைப்பிடி ஓரத்திலிருந்து நுனிவரை, குதிரைவால் மயிரின் முழு நீளத்தையும் அவர் தயங்காமல் பயன்படுத்தினார். சொல்வதற்கு எளிது, செய்வது கடினம். வில்லின் எடை கைப்பிடிப் பக்கம் மிகுதி, நுனிப் பக்கம் குறைவு. கை ஒரே அழுத்தத்தில் நகர்ந்தால் ஒலி தொடக்கத்தில் தடித்தும் முடிவில் மெலிந்தும் கேட்கும். வில் நகர நகர ஆள்காட்டி விரலின் அழுத்தம் சிறிது சிறிதாகக் கூடினால்தான் ஒரு ஸ்வரம் முதலிலிருந்து இறுதிவரை ஒரே பருமனில் நிற்கும். நாயுடுவின் தார ஷட்ஜத்தை, அதாவது மேல்ஸ்தாயி ‘ஸ’வை, கேளுங்கள். வில் திரும்பும் இடம் காதுக்குப் பிடிபடுவதில்லை. சொல்லில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் இந்தத் தொடர்ச்சி எவ்வளவு தேவையோ, சொல்லோடு அமைந்த கிருதியில் அதற்கு நேர்மாறான ஒரு திறமையும் அவ்வளவு தேவை. சாகித்தியத்தில், அதாவது பாட்டின் வரிகளில், ஒரு சொல் தொடங்கும் இடத்தில் வில் திரும்ப வேண்டும், அந்தச் சொல் நீளும் வரை திரும்பவே கூடாது. இல்லையென்றால் மெட்டுக் கேட்குமே தவிரப் பாட்டுக் கேட்காது. அவர் வாசித்த கிருதிகளில் தெலுங்குச் சொற்கள் தனித்தனியே பிரிந்து கேட்பதாக ரசிகர்கள் வியந்ததற்கு இதைத் தவிர வேறு மாயம் ஏதும் இல்லை.

அதே தலைமுறையைச் சேர்ந்த மைசூர் சௌடையாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஒலிபெருக்கி பரவாத நாளில் பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைவரை பிடில் கேட்க வேண்டுமே என்ற கவலை இருவருக்கும் பொது. சௌடையா நான்கு தந்தியோடு மூன்றைக் கூட்டி ஏழு தந்தி வயலினைச் செய்துகொண்டார். அதன் முழக்கம் தனி அழகு, அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நாயுடு கருவியில் எதையும் கூட்டவில்லை. நான்கே தந்தியில், வில்லின் நீளத்தாலும் நிதானத்தாலும், உரக்க வாசிக்காமலே நிறைவாக ஒலிக்கச் செய்தார். இரண்டில் எது கடினமான வழி என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

பிடில் மேடையின் நடுவில் அமர்வதற்கு இந்த வழியே உதவியது. 1938இல் வேலூரில் அவர் தனிக்கச்சேரி நிகழ்த்தியபோது, பக்கவாத்தியம் என்றே எண்ணப்பட்ட கருவிக்குப் பாடகர் துணையின்றி ஒரு கச்சேரியைத் தாங்கும் வலு உண்டா என்ற ஐயம் பலருக்கும் இருந்திருக்கும். வாய்ப்பாட்டில் சொல்லும் பொருளும் கேட்பவரைக் கட்டிப்போடும். தனி வயலினில் அந்த வசதி கிடையாது, நாதமே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். 1952இல் இந்தியா வந்த மேல்நாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின், சென்னையில் நீதிபதி பி. வி. ராஜமன்னார் இல்லத்தில் நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு வியந்தார். மேல்நாட்டு வித்வான் பாராட்டியதால்தான் நாயுடு பெரியவர் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் நம்மிடம் சற்று அதிகம். வில்லைப் பற்றி நுணுக்கமாக அறிந்த ஒருவருடைய காது எதை முதலில் கவனித்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நாயுடுவின் பாணியில் மேல்நாட்டுச் சாயல் மிகுதி என்றும், காவிரிக்கரை வித்வான்களின் கனத்த கமகம் அதில் இல்லை என்றும் குறை சொன்னவர்கள் உண்டு. முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மேல்நாட்டார் வில்லைக் கையாளும் முறையை அவர் கூர்ந்து கற்றவர். ஆனால் வில்லின் முறை வேறு, ராகத்தின் உருவம் வேறு. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அவர் அசைக்கும் இடத்தில் எந்த ஐரோப்பியச் சாயலும் எனக்குக் கேட்கவில்லை. கனமான கமகம் வேண்டுவோருக்குக் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையின் வயலின் வாசிப்பு இருக்கிறது. எல்லாரும் ஒருவரைப் போலவே வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் இசையில் என்றும் இருந்ததில்லை.

1964 நவம்பரில் நாயுடு மறைந்தார். அதற்குள் லால்குடி ஜெயராமன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன், டி. என். கிருஷ்ணன் ஆகியோர் முன்னணிக்கு வந்துவிட்டார்கள். மூவரும் தனிக்கச்சேரியில் பெரும்புகழ் பெற்றார்கள். மூவரில் ஒருவரும் நாயுடுவைப் போல் வாசிக்கவில்லை.

இப்போது அவருடைய பழைய இசைத்தட்டு ஒன்றை ஒலிக்கச் செய்கிறோம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் கிடைத்த காலம் அது. ஆலாபனையை எவ்வளவு சுருக்க வேண்டியிருந்தது என்பது முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும். கீறல் ஒலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ராகத்தைக் கேளுங்கள். இரண்டாம் முறை ஒலிக்கும்போது ராகத்தை விட்டுவிட்டு, வில் எங்கே திரும்புகிறது என்று மட்டும் கண்டுபிடிக்கப் பாருங்கள்.